எச்சரிக்கை: பாவிச்ச கொக்லியர் புரொசெசர் எண்டு சொல்லி 185,000 ரூபாவைப் பறிச்சுப்போட்டாங்கள்

போன கிழமை ஒரு நாள் விடியக் காலமை கொழும்பு பஸ்ஸால கிளிநொச்சியில இறங்கினன். வீட்ட வந்த உடன எழுதுவம் எண்டுதான் இருந்தன், கை நடுங்கி எழுத ஏலேல்ல. இண்டைக்கு எழுதுறன். கொக்லியர் (காது கேக்கிறதுக்குச் சத்திரசிகிச்சை செய்து வைக்கிற கருவி) வச்சிருக்கிற ஆக்கள், பிள்ளையளுக்கு வச்ச தாய் தேப்பன்மார் தயவுசெய்து முழுக்க வாசியுங்கோ. 185,000 ரூபா போட்டுது.

2009இல எனக்கு 17 வயசு. கடைசிச் சண்டை நேரம் முல்லைத்தீவுப் பொக்கணையில எங்கட பங்கருக்குப் பக்கத்தில செல் விழுந்தது. இடக்காது அண்டைக்கே போட்டுது, வலக்காது கொஞ்சங் கொஞ்சமா மங்கினது. காது மிசின் போட்டுப் பத்து வருசம் சமாளிச்சன். கடைசியில மிசின் போட்டாலும் இரைச்சலைத் தவிர ஒண்டும் இல்லை. 2019இல கொழும்பில வலக்காதுக்குக் கொக்லியர் வச்சது. அண்ணை கனடாவில இருந்து கடன்பட்டு அனுப்பின காசு அது.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். இதில ரெண்டு பகுதி இருக்கு. ஒண்டு சத்திரசிகிச்சை செய்து தோலுக்கு உள்ள வைக்கிறது. மற்றது வெளியில காதில கொழுவுற புரொசெசர். வெளியில இருக்கிறதுதான் சத்தத்தைப் பிடிச்சு, தலையில காந்தத்தால ஒட்டி நிக்கிற கொயில் வழியா உள்ளுக்கு அனுப்பும். உள்ளுக்க இருக்கிறதுக்கு பற்றறியும் இல்லை, கரண்டும் அந்தக் கொயிலாலதான் போகும். வெளிப் பகுதி நிண்டுட்டா அவ்வளவுதான், ஒரு சொட்டுச் சத்தமும் இல்லை.

வச்ச உடன கேக்கும் எண்டு நினைக்காதேங்கோ. ஒரு மாசம் கழிச்சுத்தான் புரொசெசரைப் போட்டு விட்டவை. அம்மா கதைச்சது தகரப் பேணிக்குள்ள ஆரோ கீச்சிடுற மாதிரி இருந்தது. அம்மாவின்ர குரலும் இவரின்ர, என்ர வீட்டுக்காரரின்ர, குரலும் ஒண்டு. இதுக்கோ தலையை வெட்டினது எண்டு அழுதன். காது கேக்கிறதைச் சோதிக்கிற ஓடியோலொஜிஸ்ட் பிள்ளை விடேல்ல. ஒரு நாளும் கழட்டி வைக்காதேங்கோ, மூளை பழகவேணும் எண்டு சொன்னவ. மெப்பிங்குக்கு, அதுதான் புரொசெசரை அவரவர் காதுக்கு ஏத்த மாதிரிக் கொம்பியூட்டரில சரிப்படுத்துறதுக்கு, எத்தினை தரம் இரவு பஸ்ஸில போய் வந்திருப்பன். நாலாம் மாசம் ஒரு நாள் தையல் மிசினில இருக்கேக்க பின்னால ஒரு சத்தம், கர்க் கர்க் எண்டு. திரும்பிப் பாக்க முதலே விளங்கிச்சு, தேங்காய் திருவுற சத்தம். குசினிக்குள்ள திருவலையில மகன் இருந்தான். பதினேழு வயசுக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. அந்தப் புரொசெசர் எனக்கு என்ன எண்டு உங்களுக்கு விளங்கவேணும், அதுக்குத்தான் இதெல்லாம் எழுதுறன்.

போன மார்கழி மழைக்கு வீடெல்லாம் ஈரம். ஈரம் உறிஞ்சுற பெட்டியிலதான் இரவில வைக்கிறனான், எண்டாலும் விட்டு விட்டுக் கேக்கத் தொடங்கிட்டுது. கொயில் வயர் மாத்திப் பாத்தன், சரிவரேல்ல. உத்தரவாதக் காலம் எப்பவோ முடிஞ்சுது. புதுசின்ர விலை எங்களுக்கு எட்டாது. அப்பதான் முகநூலில ஒரு பக்கம் கண்ணில பட்டது. காது மிசினும் உதிரிப் பாகங்களும் விக்கிற கடை எண்டு போட்டிருந்தவை. பேர் சொல்லேல்ல, முறைப்பாடு நடக்குது.

நான் ஏன் நம்பினன் எண்டு எல்லாரும் கேக்கினம். அந்த மனிசன் வீடியோக் கோலில வந்தவர். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, வாயை மறைக்காமல், ஆறுதலாக் கதைச்சவர். நான் "என்ன?" எண்டு கேட்டா அதே வசனத்தை இன்னொருக்காச் சொன்னவர். காது கேக்காத ஆக்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு. எங்கட சொந்தக்காரரே ரெண்டாந்தரம் கேட்டா "ஒண்டுமில்லை, விடு" எண்டுதான் சொல்லுவினம். அந்த மனிசன் சொன்னார், "அக்கா, என்ர மகளுக்கும் ரெண்டு வயசில வச்சது. அவ புது மொடலுக்கு மாறிட்டா, இது சும்மா கிடக்கு. உங்கட மொடலுக்கு அச்சாவாப் பொருந்தும். எங்கட ஆக்களிட்ட நான் பொய் சொல்லுவனே?" என்ர மனம் இளகிப்போச்சு. அந்தப் பிள்ளையை நினைச்சு அண்டு இரவு கும்பிட்டும் இருக்கிறன்.

185,000 ரூபா. காப்பை வங்கியில அடகு வச்சது 110,000. சீட்டுக் காசு 50,000. காலபோக நெல்லு வித்ததில இவர் தந்தது 25,000. முழுக்காசும் முதலே போட்டாத்தான் அனுப்புவம் எண்டவர். கணக்குக்குப் போட்டன்.

கூரியரில வர ரெண்டு கிழமை. அதுக்குள்ள என்ர பழசு முழுக்க நிண்டுட்டுது. பெட்டியை உடைச்சுப் பாத்தா, பற்றறி போடுற இடத்தில பச்சைக் களிம்பு. சீரியல் இலக்கம் இருக்கவேண்டிய இடம் பிளேட்டால சுரண்டின மாதிரிக் கீறிக் கிடந்தது. எண்டாலும் துடைச்சு எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனன். ஓடியோலொஜிஸ்ட் பிள்ளை கொம்பியூட்டரில கொழுவிப் பாத்தா, ரெண்டாந்தரமும் பாத்தா. பிறகு எனக்குக் கேக்காது எண்டதால ஒரு கடதாசியில எழுதி நீட்டினா: "இது உங்கட உள்ளுக்க இருக்கிறதோட வேலை செய்யாத மொடல். வேற ஆளின்ர மெப்பும் இதில இருக்கு." அந்தக் கடதாசி இப்பவும் என்ர பையில கிடக்கு.

உடன கடைக்காரருக்கு எழுதினன். முதல் மறுமொழி, "மெப்பிங் பிழையாச் செய்திருப்பினம்." பிறகு, "பற்றறி மாத்திப் பாருங்கோ." பிறகு, "கூரியரில அடிபட்டிருக்கும், அவையிட்டக் கேளுங்கோ." கடதாசியைப் படம் எடுத்து அனுப்பினன். அதுக்குப் பிறகு அவர் எழுதுறதை விட்டிட்டார். எல்லாம் குரல் பதிவு. எனக்கு ஒண்டும் கேக்காது எண்டு வடிவாத் தெரிஞ்ச மனிசன்! எழுதி அனுப்புங்கோ எண்டு கெஞ்சினன். "எழுத நேரமில்லை, கோல் எடுங்கோ" எண்டு அதை மட்டும் எழுதினவர். மகன் பள்ளிக்கூடத்தால வந்து ஒவ்வொரு பதிவையும் கேட்டு எனக்கு எழுதிக் காட்டினான். ஒண்டைக் கேட்டவன் எழுதாமல் நிண்டான். கட்டாயப்படுத்தினாப் பிறகு எழுதினான்: "செவிடோட கதைச்சு வேலையில்லை, வேற ஆரையும் எடுக்கச் சொல்லு." பன்ரெண்டு வயசுப் பிள்ளை தாய்க்கு அதை எழுதிக் காட்டவேண்டி வந்தது. காசு போனதை விட அதுதான் நெஞ்சுக்க நிக்குது.

பிறகு என்ர வீட்டுக்காரர் கோல் எடுத்தவர். "விக்கிறது வித்தாச்சு, பாவிச்ச சாமானுக்குக் காசு திருப்பிறேல்ல" எண்டு வச்சிட்டாங்கள். அடுத்த நாள் எங்களைத் தடை செய்தாச்சு. அதுக்கு முதல் குரல் பதிவு எல்லாத்தையும் அழிச்சும் போட்டார். மகன் கடதாசியில எழுதினது மட்டும்தான் மிச்சம்.

பொலிசில முறைப்பாடு போட்டிருக்கிறம். பாவனையாளர் அதிகார சபையின்ர 1977 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கும் இவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

என்ன செய்யவேணும் எண்டு விரிவா எழுதத்தான் நினைச்சன், தலை இடிக்குது. அவசரத்துக்கு இவ்வளவும். ஒரு கம்பனியின்ர புரொசெசர் இன்னொரு கம்பனி இம்பிளான்ட்டுக்குச் சரிவராது. ஒரே கம்பனி எண்டாலும் எல்லா மொடலும் பொருந்தாது. காசு போட முதல் சீரியல் இலக்கத்தைப் படம் எடுத்து வேண்டி, உங்கட ஓடியோலொஜிஸ்டிட்டக் காட்டுங்கோ. சீரியல் தரமாட்டன் எண்டா அதோட விடுங்கோ. வேற ஆளின்ர மெப் இருக்கிறதைப் பிள்ளையளின்ர தலையில கொழுவிப் பாக்காதேங்கோ. முழுக்காசும் முதலே குடுக்காதேங்கோ. எழுத்தில தராத எந்தக் கதையையும் நம்பாதேங்கோ, குரல் பதிவு வந்தா உடன சேமிச்சு வையுங்கோ.

இதே மாதிரி ஒரு பக்கத்திட்ட வேற ஆரும் குடுத்து ஏமாந்திருந்தா எனக்குத் தெரியப்படுத்துங்கோ, சேர்ந்து முறைப்பாடு போடுவம். கோல் எடுக்காதேங்கோ, எழுதி அனுப்புங்கோ.