தேதி வரைபடத்தில் ‘ஃபங்ஷன் இல்லை’ என்று ஆர் சொன்னால் எந்த வழியில் போவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்து வரும் தரவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தோட்ட அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) பதிந்துவைத்த தினசரி மழையளவு, அன்றன்று ஆலைக்குப் போன செம்பனைக் குலைகளின் எடை. இரண்டையும் தேதிவாரியாக ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் வரையப் போனால், ‘டேட்_பிரேக்ஸ் என்ற ஃபங்ஷனைக் காணவில்லை’ என்று சிவப்பு எழுத்தில் வந்து நிற்கிறது. ஃபங்ஷன் என்றால் ஒரு வேலையைச் செய்யும் ஆயத்தக் கட்டளை. இதைத் தீர்க்க நான்கு வழிகள் உண்டு. நான்கும் வேலை செய்யும், ஆனால் நான்கும் ஒன்றல்ல. (கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

முதலில் காரணம். ஆரில் வரைபடம் போடப் பயன்படும் பேக்கேஜ் (ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஜிஜிபிளாட்2. 2012-ல் அதன் 0.9.0 பதிப்பு வந்தபோது, அச்சில் தேதியை எத்தனை நாளைக்கு ஒரு முறை காட்டுவது, எந்த வடிவில் எழுதுவது என்ற வேலையெல்லாம் ஸ்கேல்ஸ் என்ற தனி பேக்கேஜுக்குப் போனது. டேட்_பிரேக்ஸ், டேட்_ஃபார்மட் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. ஜிஜிபிளாட்2-ஐ நிறுவும்போது ஸ்கேல்ஸும் கூடவே கணினிக்குள் வந்துவிடும். ஆனால் நீங்கள் அழைக்காமல் அது முன்னால் வராது. ஸ்டோரில் அரிவாள் இருக்கிறது, யாரும் வெளியே எடுக்கவில்லை, அவ்வளவுதான். இது தெரியாமல் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் டேட்டாவைக் கரைத்து, அதே பேக்கேஜை மறுபடி மறுபடி நிறுவும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. நிறுவுவது வேறு, அழைப்பது வேறு.

எல்லாரும் முதலில் சொல்லும் வழி, கோடின் (எழுதிவைத்த கட்டளைகளின்) தலையில் லைப்ரரி(ஸ்கேல்ஸ்) என்று ஒரு வரி சேர்ப்பது. உடனே சரியாகிவிடும். ஆனால் ஒரு பக்க விளைவு உண்டு. பல பேக்கேஜ்களை ஒன்றாக அழைக்கும் டைடிவர்ஸுக்குப் பிறகு ஸ்கேல்ஸை அழைத்தால், பர்ர் பேக்கேஜின் டிஸ்கார்ட் ஃபங்ஷனை ஸ்கேல்ஸின் டிஸ்கார்ட் மறைத்துவிடும். ரீடர் பேக்கேஜின் கால்_ஃபேக்டருக்கும் அதே கதி. ஆர் இதை ஒரு அறிவிப்பாகச் சொல்லத்தான் செய்கிறது, யார் படிக்கிறார்கள்? வரைபடம் மட்டும் போடுகிறவருக்கு இது தொந்தரவே இல்லை. நீளமான ஆய்வுக் கோடில் இது எங்கேயோ போய்க் கடிக்கும்.

இரண்டாவது வழி, ஃபங்ஷனுக்கு முன்னால் பேக்கேஜ் பெயரையும் இரட்டைப் புள்ளியை இரண்டு முறையும் போடுவது: ஸ்கேல்ஸ்::டேட்_பிரேக்ஸ். எதுவும் எதையும் மறைக்காது. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று: பிழை வந்தாலும் அது தெளிவாக வரும். பேக்கேஜ் நிறுவப்படவில்லை என்றால் ‘ஸ்கேல்ஸ் என்ற பேக்கேஜே இல்லை’ என்று ஆர் சொல்லிவிடும். நிறுவாததா, அழைக்காததா என்று குழம்ப வேண்டியதில்லை. மேற்பார்வையாளர் தந்த பழைய கோடை அதிகம் மாற்றாமல் ஓட்ட வேண்டும் என்றால் இந்த வழிதான் நல்லது.

புதிதாக எழுதுகிறீர்களா? அப்படியானால் மூன்றாவது வழி. 2015 டிசம்பரில் வந்த ஜிஜிபிளாட்2-இன் 2.0.0 பதிப்பிலிருந்து ஸ்கேல்_எக்ஸ்_டேட் தானே இந்த வேலையைச் செய்கிறது. பழைய கோடில் பிரேக்ஸ் = டேட்_பிரேக்ஸ்("1 மந்த்") என்று இருக்கும். அதையே டேட்_பிரேக்ஸ் = "1 மந்த்" என்று எழுதினால் போதும். முன்னதில் டேட்_பிரேக்ஸ் ஒரு ஃபங்ஷன், பின்னதில் அது அடைப்புக்குறிக்குள் கொடுக்கும் ஒரு விவரம் மட்டும். வடிவத்துக்கு டேட்_லேபிள்ஸ். ஸ்கேல்ஸை அழைக்கும் தேவையே போய்விடுகிறது. நான் எல்லாரிடமும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

நான்காவது, ஜிஜிபிளாட்டையே விட்டுவிட்டு ஆரோடு கூடவே வரும் பிளாட், ஆக்ஸிஸ்.டேட் இரண்டையும் பயன்படுத்துவது. அழகு குறைவு, தட்ட வேண்டியது கூடுதல். ஆனால் இணையமே இல்லாத அலுவலகக் கணினியில், எதையும் நிறுவ அனுமதி இல்லாத இடத்தில், இது ஒன்றுதான் கைகொடுக்கும். டேட் என்பதில் முதல் எழுத்து பெரியதாக இருக்க வேண்டும். ஏஸ்.டேட்டுக்கும் அதே விதி. சிறிய டி போட்டால் அதே ‘காணவில்லை’ பிழைதான்.

டிஎம்ஒய் காணவில்லை என்று வந்தால் கதை வேறு. நாள், மாதம், ஆண்டு வரிசையில் எழுதிய தேதியைப் படிக்கும் அது, லூப்ரிடேட் பேக்கேஜின் ஃபங்ஷன். 2023-ல் வந்த டைடிவர்ஸ் 2.0.0-லிருந்துதான் லூப்ரிடேட் தானாக முன்னால் வருகிறது. நண்பரின் புதிய மடிக்கணினியில் ஓடும் கோடு உங்கள் பழைய மடிக்கணினியில் நின்றுபோவது இதனால்தான். லைப்ரரி(லூப்ரிடேட்) என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது.

சிவப்பு எழுத்து போய்விட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நம் ஊரில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில்தான் எழுதுகிறோம். 03/04/2023 என்று கிராணி பதிந்ததை வடிவம் சொல்லாமல் ஏஸ்.டேட்டிடம் கொடுத்தால், ஆர் அதை மூன்றாம் ஆண்டு ஏப்ரல் 20 என்று எடுத்துக்கொள்ளும். பிழை எதுவும் காட்டாது. வடிவம் சொல்லும்போது நான்கு இலக்க ஆண்டைக் குறிக்கும் பெரிய ஒய்-க்குப் பதிலாகச் சிறிய ஒய் போட்டாலும் ஆபத்துதான்: 2023-இன் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் படித்து 2020 ஏப்ரல் 3 ஆக்கிவிடும். பல ஆண்டு மழையும் ஒரே ஆண்டில் வந்து குவியும். வரைவதற்கு முன் ரேஞ்ச் போட்டு, முதல் தேதியையும் கடைசித் தேதியையும் கண்ணால் பாருங்கள்.

மாதத்தை மலாய்ப் பெயரில் பதிந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கணினி ஆங்கிலத்தில் இருக்கும்போது ஏப்ரலும் நவம்பரும் எழுத்து மாறாமல் இருப்பதால் தப்பித்துவிடும். மாக் (மார்ச்), மே, ஓகோஸ் (ஆகஸ்ட்), டிசம்பர் போன்றவை மலாயில் வேறு எழுத்தில் இருப்பதால் ஆர் அவற்றை வெற்றிடமாக்கிவிடும். சில வரிசைகளை நீக்கிவிட்டேன் என்ற ஒரு எச்சரிக்கையோடு அந்த மாதங்களின் மழை வரைபடத்திலேயே இருக்காது. அந்தப் பெயர்களை முதலில் எண்ணாக மாற்றுங்கள், அப்புறம் அச்சைப் பற்றி யோசிக்கலாம்.