285,000 ரூபாய் போய்விட்டது: அம்ப் (அம்ப்ளிஃபயர்) வாங்க இருப்பவர்கள் கவனம்

திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் நல்லதொரு ஸ்டீரியோ செட் வைக்க ஆசைப்பட்டுக் காசு சேர்க்கிறவர்கள் இதை முழுதாக வாசியுங்கள். கையெல்லாம் இன்னும் பதறுகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. கொழும்பு முகவரியோடு இணையத்தில் பக்கம் வைத்து, ஜப்பான் அம்ப், ஸ்பீக்கர் எல்லாம் பெட்டி உடைக்காத புதுச் சாமான் என்று விற்கிற ரகம். போனில் கதைத்தவர் அவ்வளவு பண்பாகக் கதைத்தார். ஏன் தம்பி இந்த அம்ப் எல்லாம் வருடா வருடம் இப்படி விலை ஏறுகிறது என்று கேட்டதற்கு, பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். 2020 ஒக்டோபரில் ஜப்பானில் நொபெயோகாவில் அசாஹி கசேய் கம்பனியின் சிப் ஆலை எரிந்ததாம், டிஜிட்டல் பாட்டை ஒலிக்கான மின் சைகையாக மாற்றும் டாக் சிப் கிடைக்காமல் பல கம்பனிகள் வேறு சிப்புக்காகப் போர்டையே திரும்ப வடிவமைக்க வேண்டி வந்ததாம். 2021இல் செம்பு டன் 10,000 டொலரைத் தாண்டியதாம், அம்பின் டிரான்ஸ்ஃபோமரில் சுற்றியிருக்கும் கம்பி செம்புதானே. இங்கே 2022இல் 200 ரூபாய் டொலர் 360 ஆனதும், 8 வீதமாக இருந்த வற் வரி 2024இல் 18 ஆனதும் எல்லோருக்கும் தெரியும். சனம் போனிலும் சின்ன புளூடூத் ஸ்பீக்கரிலும் பாட்டுக் கேட்கப் போய்விட்டது, பெரிய செட் வாங்குகிறவர்கள் குறைந்துபோனதால் முழுச் செலவும் மிச்ச ஆட்களின் தலையில் விழுகிறது என்றும் சொன்னார்.

நான் தேடிப் பார்த்தேன். அவ்வளவும் உண்மை! இவ்வளவு உண்மை சொல்கிறவன் பொய்ச் சாமான் தருவான் என்று யார் நினைப்பது? விலை ஏறுவதற்கு உண்மையான காரணங்கள் இருப்பதுதான் இவர்களுக்கு வசதி. "அண்ணா, அடுத்த கொன்டெய்னர் வந்தால் இந்த விலைக்குத் தர ஏலாது, இன்றைக்கே போட்டால் பிடித்து வைக்கிறேன்" என்றார். சீட்டு எடுத்த காசு. 285,000 ரூபாயையும் அன்றைக்கே வங்கியில் போட்டேன்.

அம்ப் பஸ் பார்சலில் வந்தது. முதலில் நன்றாகத்தான் பாடியது. பிறகு ஒரு நாள் இரவு வலது பக்கம் டப் என்று ஒரு சத்தம், கருகல் மணம், ஸ்பீக்கரின் வூஃபர், அதாவது அடித்தொனி தரும் பெரிய கூம்பு, வெளியே தள்ளியபடி அப்படியே நின்றுவிட்டது. நகரத்தில் நெடுங்காலமாக ரேடியோ திருத்துகிற ஐயாவிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றியதும் அவர் ஒன்றும் பேசவில்லை, டோர்ச்சை மட்டும் உள்ளே பிடித்தார். டிரான்சிஸ்டர் கால்களைச் சுற்றிப் புதிதாக ஈயம் பற்றவைத்த பிசின் துடைக்காமல் மஞ்சளாக ஒட்டியிருந்தது. தொஷிபா என்று மேலே அடித்த ஒன்றைக் குறட்டால் உடைத்தார், உள்ளே சிலிக்கன் கடுகு அளவுதான் இருந்தது. போலி. இவ்வளவு பெரிய பவரை அது எப்படித் தாங்கும்? அதைவிடக் கொடுமை, அம்பில் பிழை வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துக் காப்பாற்ற வைத்திருக்கும் ரிலே சுவிட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு வயர் துண்டைப் போட்டுப் பற்றவைத்திருந்தார்கள். அதனால்தான் அம்ப் போன கையோடு ஸ்பீக்கரும் போனது. எரிந்து திருத்திய பழைய சாமானைப் பெட்டியில் போட்டுப் புதிது என்று விற்றிருக்கிறார்கள்.

கடைக்குப் போன் எடுத்தேன். உங்கள் ஊர்க் கரண்ட் சரியில்லை என்றார்கள். போட்டோ அனுப்பினேன். கடற்கரை ஊர், உப்புக் காற்று, அதற்கு வொரண்டி இல்லை என்றார்கள். உப்புக் காற்றா அந்த வயரைப் பற்றவைத்தது? மூடியைத் திறந்ததால் வொரண்டி முடிந்தது என்று அடுத்த கதை. முதலாளி வெளிநாட்டில், வந்ததும் கதைப்பார் என்றார்கள். இப்போது என் நம்பரையே தடுத்துவிட்டார்கள். 285,000 ரூபாய், ஸ்பீக்கர் நட்டம் வேறு.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. முழுக் காசையும் முன்னுக்குப் போடாதீர்கள். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் அம்பின் பின்பக்க நம்பரும் ஒன்றா என்று வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். எனக்கு வந்ததில் பின்பக்க நம்பர் சுரண்டப்பட்டிருந்தது. வியாபாரப் பதிவு இலக்கம் உள்ள பில் வாங்குங்கள். பிரச்சினை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 அடிக்கலாம், ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும், கடைக்காரன் நாளைக்கு நாளைக்கு என்று இழுப்பதை நம்பி அதைத் தவறவிடாதீர்கள். நான் நாளைக்குக் கொடுக்கிறேன். இதே மாதிரிப் பக்கத்தில் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லோடு எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்தே போவோம்.