அணுவும் ஐயமும்: மீண்டு வந்த இரண்டு நூல்கள்

1417-இல் இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ பிராச்சியோலினி ஒரு மடாலயத்தில் கண்டெடுத்த, பண்டைய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் லத்தீன் நெடுங்கவிதையும், 1562-இல் பிரெஞ்சு அச்சாளர் ஆன்ரி எத்தியேன் லத்தீனில் பெயர்த்து அச்சிட்ட, பண்டைய ஐயவாதத் தத்துவர் செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸின் கிரேக்க நூலும் ஐரோப்பியச் சிந்தனையை அசைத்த விதம் ஒன்றல்ல.

லுக்ரீஷியஸ் தந்தது ஓர் உலகப் பார்வை. அணுக்களும் வெற்றிடமுமே உள்ளவை, உயிரும் உடலோடு அழியும், ஆகவே மரண அச்சம் வீண் என்றார் அவர். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியாரும் தத்துவருமான பியர் காசெண்டி, அணுக்களைப் படைத்தவர் கடவுளே என்று திருத்தி, கிரேக்கத் தத்துவர் எப்பிக்கூரஸின் வழிவந்த இந்தக் கொள்கையைக் கிறித்தவத்தோடு இணக்கியது, அது அறிஞரிடையே பரவ வழி திறந்தது.

செக்ஸ்டஸ் தந்ததோ ஒரு முறை. என் கணிப்பில் இதுவே ஆழமாக வேரோடியது, ஏனெனில் ஒரு கொள்கையை மறுத்துவிடலாம், கேள்வி கேட்கும் பழக்கத்தை அப்படி மறுக்க இயலாது. ஒவ்வொரு வாதத்துக்கும் நிகரான எதிர்வாதத்தை நிறுத்தி, முடிவை ஒத்திவைக்கச் சொன்னவர் அவர். லுக்ரீஷியஸையும் குறிப்பெழுதிப் படித்த 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோன்டெய்ன், தம் நூலகத்தின் உத்தரங்களில் பொறிக்கச் செய்த வாசகங்களுள் செக்ஸ்டஸின் கூற்றுகளும் இருந்தன. 1641-இல் வெளியான ‘தியானங்கள்’ என்ற நூலில் பிரெஞ்சுத் தத்துவர் தெக்கார்த் அனைத்தையும் ஐயுற்றே தொடங்கினார். ஆனால் அவர் தேடியது ஐயுறவே முடியாத ஓர் உண்மையை.