ரயில் பாஸா, ஹாஸ்டல் கட்டிலா?

சித்தி பெண் இந்த வருடம் பிளஸ் டூ முடித்துவிட்டாள். சென்னையில் பி.காம். இடமும் கிடைத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சித்தி போன் செய்து, "ஹாஸ்டல்ல சேக்கலாமா, இல்ல தினமும் டிரெயின்ல போயிட்டு வரட்டுமா? நீதான் ரெண்டையும் பாத்தவனாச்சே, சொல்லுடா" என்றார்.

ரெண்டையும் பார்த்தவன்தான், ஆனால் சரிபாதியாக இல்லை. 2022 ஜூன் 20-ஆம் தேதி எனக்கு ரிசல்ட் வந்தது. ஆகஸ்டில் கல்லூரி விடுதியில் சேர்ந்தேன், தீபாவளி முடிந்து நவம்பரில் காலி செய்துவிட்டேன். படிப்பு முடியும்வரை மீதி நாளெல்லாம் அரக்கோணத்துக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே மின்சார ரயில். அதனால் என் மனசு ரயில் பக்கம் சாய்ந்திருக்கும். அதை மனசில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். விடுதியில் நண்பர்கள் கிடைப்பார்கள், காலை எட்டு மணிவரை தூங்கலாம், சாயங்காலம் முழுக்கக் கையில் இருக்கும். வீட்டில் அம்மா சமையல், துவைத்த சட்டை, மாதச் செலவு குறைவு. சாப்பாடு பற்றி ஒரே ஒரு வரி: மெஸ் சாம்பாரைத் திட்டாதவன் கிடையாது, ஆனால் காலையில் கட்டிய தயிர்சாதம் ஏப்ரல் மாதப் பகல் பன்னிரண்டரைக்கு என்ன வாசனையில் இருக்கும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

அடுத்தது நேரம். அரக்கோணத்திலிருந்து சென்ட்ரல் 69 கிலோமீட்டர். சைக்கிள், ரயில், அப்புறம் டவுன் பஸ் எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு வழிக்கு இரண்டேகால் மணி நேரம் ஆனது. போக வர நாலரை மணி. கேட்டதும் வயிற்றைக் கலக்கும். ஆனால் எந்த நிலையத்தில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த நாலரை மணியின் மதிப்பே மாறிவிடும். அரக்கோணத்தில் வண்டி புறப்படுவதால் உட்கார இடம் உண்டு. திரும்பும்போதும் சென்ட்ரலை ஒட்டி மின்சார ரயில்கள் நிற்கும் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்தே வண்டி கிளம்பும், கொஞ்சம் முன்னால் போனால் ஜன்னலே கிடைக்கும். இதே பயணத்தைத் திருவள்ளூரில் ஏறுகிறவர் நின்றுகொண்டே செய்வார். ஆவடியில் ஏறுகிறவருக்கு நிற்பதற்கே தயவு வேண்டும். காலை வண்டியில் உட்கார்ந்து கணக்குப் பதிவியல் தியரி படித்தேன், வணிகச் சட்டம் படித்தேன். காஸ்ட் அக்கவுண்டிங் கணக்கு மட்டும் போட முடியவில்லை. ஆடுகிற வண்டியில் கட்டம் போட்டால் டெபிட் பக்கம் கிரெடிட் பக்கத்துக்குப் போய்விடும்.

ரயிலின் கெடுதலையும் மறைக்க வேண்டாம். வியாசர்பாடி ஜீவா தாண்டிப் பேசின் பிரிட்ஜ் வந்தால், சென்ட்ரல் கண்ணுக்கே தெரிகிற மாதிரி இருக்கும், வண்டி அங்கே படுத்துக்கொள்ளும். சிக்னலுக்காகக் கால் மணி நேரம் நின்று முதல் பீரியட் போன நாட்கள் உண்டு. பையன்களுக்கு இன்னொரு தலைவலி, 'ரூட்டு' சண்டை, அதாவது ஒரே வழித்தடத்தில் வருகிற மாணவர் கோஷ்டிகளின் மோதல். எந்தக் கல்லூரி, எந்த ரூட்டு, யார் 'ரூட்டு தல' (கோஷ்டித் தலைவன்) என்று கேட்கிற கூட்டத்திலிருந்து இரண்டு பெட்டி தள்ளி ஏறிக்கொள்வதுதான் நான் கண்ட ஒரே வழி. படிக்கட்டில் தொங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பேசின் பிரிட்ஜ் பக்கத்துப் பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்களை நிறுத்திவிட்டார்கள். 'பார்த்தியா, ஹாஸ்டல்ல இருந்திருந்தா' என்றார் அப்பா. கல்லூரிக்கே விடுமுறை. விடுதியில் இருந்த நண்பன் கரண்ட் இல்லாமல், செல்போனில் சார்ஜ் இல்லாமல் மாட்டிக்கொண்டான். ஆகவே அதை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

இதெல்லாம் ஏறக்குறைய சமம்தான். எனக்குத் தராசைச் சாய்த்தது வேறொன்று. தப்பான முடிவு எடுத்துவிட்டோம் என்று தெரிந்தால், அதிலிருந்து வெளியே வர எவ்வளவு ஆகும்?

விடுதியில் சேர்ந்த அன்று அப்பா கட்டியது 38,000 ரூபாய். அறை வாடகை ஒரு வருடத்துக்கு 24,000, மெஸ் முன்பணம் 9,000, காப்புத்தொகை 5,000. ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த பணம். அறையில் ஆறு பேர். யாரும் கெட்டவர்கள் இல்லை, ராகிங்கும் இல்லை. ஒருவன் இரண்டு மணிவரை போனில் பேசுவான், இன்னொருவனுக்கு டியூப் லைட் எரிந்தால்தான் தூக்கம் வரும். இருட்டும் அமைதியும் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கமும் வராது, படிப்பும் ஏறாது என்பது அங்கே போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பதினேழு வயதுவரை நான் தனியாக எங்கே இருந்தேன், தெரிந்துகொள்ள?

நவம்பரில் வெளியே வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அறை வாடகை வருடக் கட்டணம், திரும்பாது என்றார்கள். மெஸ் முன்பணம் கழிந்துவிட்டது என்றார்கள். காப்புத்தொகைக்கு 'நோ டியூஸ்', அதாவது பாக்கி இல்லை என்ற சான்று, வாங்க ஐந்து கையெழுத்து. ஏப்ரலில் 3,200 ரூபாய் வந்தது. யாரோ கட்டில் காலை உடைத்ததற்கு ஆறு பேரிடமும் சமமாகப் பிடித்திருந்தார்கள்.

ரயில் பாஸில் இந்தக் கதையே கிடையாது. கல்லூரியில் படிக்கிறோம் என்பதற்கான போனஃபைடு சான்று வாங்கிக் கொடுத்தால் மாணவர் சீசன் டிக்கெட் பாதி விலை. எனக்கு ஆன தொகை மாத மெஸ் பில்லில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வேண்டாம் என்றால் அடுத்த மாதம் புதுப்பிக்காமல் விட்டுவிட வேண்டியதுதான். அதிகபட்ச நஷ்டம் ஒரு மாத பாஸ். மூன்று மாத பாஸ் எடுத்தால் 2.7 மாதக் காசுதான், லாபம். இருந்தாலும் முதல் தடவை ஒரு மாதத்துக்கே எடுங்கள். ஒத்துவருமா என்று பார்க்கத்தானே அந்த மாதம்?

ரயிலில் தொடங்கிவிட்டு நடுவில் விடுதிக்குப் போனால் இடம் கிடைக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜூலை, ஆகஸ்டில் இடமே இல்லை என்று சொல்கிற விடுதிகளில் தீபாவளிக்குப் பிறகு கட்டில் காலியாகும், என்னைப் போன்றவர்களின் புண்ணியத்தில். மணவூரிலிருந்து என்னோடு வந்துகொண்டிருந்த வகுப்புத் தோழனுக்கு ரயில் ஒத்துவரவில்லை, தினமும் தலைவலி. ஜனவரியில் விடுதிக்கு மாறினான். அவனிடம் பாதி வருட வாடகைதான் வாங்கினார்கள். கொடுத்த இடம் என் பழைய அறை, என் பழைய கட்டில். அந்தக் கட்டிலுக்கு அந்த வருடம் கல்லூரி வாங்கியது ஒன்றரை வாடகை. எங்கள் இருவரில் யாருக்கு முடிவை மாற்றிக்கொள்வது மலிவாக முடிந்தது என்று பாருங்கள். அவனுக்கு விடுதி பிடித்தும் போனது. மூன்றாம் வருடம்வரை அங்கேயேதான் இருந்தான்.

விடுதியே சரி என்று நான் சொல்கிற ஆட்களும் உண்டு. சாயங்காலம் சி.ஏ. ஃபவுண்டேஷன் வகுப்புக்குப் போகிறவர், பகுதிநேர வேலை பார்த்தே தீர வேண்டியவர், திருத்தணிக்கும் அந்தப் பக்கம் வீடு உள்ளவர். இவர்களுக்கு நாலரை மணி நேரம் கட்டுப்படியாகாது. அரசின் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இடம் கிடைத்தால் தங்குவதும் சாப்பாடும் இலவசம் என்பதால், நான் மேலே பாடிய பணப்புலம்பல் அங்கே செல்லாது. அங்கே தங்கியவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பெண்கள் விடுதியைப் பற்றியும் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. ஆறு மணிக்கு கேட் மூடுவது, ஊருக்குப் போக அப்பா கையெழுத்து என்று வகுப்புத் தோழிகள் சொல்லிக் கேட்டதுதான். கூடவே, அறையில் கிடைத்த சிநேகம் வேறெங்கும் கிடைத்திருக்காது என்றும் அவர்களே சொன்னார்கள்.

சித்தி வீடு திருவாலங்காட்டில். அரக்கோணத்திலிருந்து மூன்றாவது நிறுத்தம், காலையில் இடம் கிடைத்துவிடும். அவளுக்கு இன்னொரு வசதி, பட்டப்படிப்புவரை பெண்களுக்கு வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வர ரயில்வே சீசன் டிக்கெட் இலவசம். இது பலருக்குத் தெரிவதில்லை, காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். சென்ட்ரலில் இறங்கினால் சாதாரண டவுன் பஸ்ஸும் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். அது ரயிலில் போனாலும் வரும், விடுதியில் இருந்தாலும் வரும். ஆனால் ரயிலில் போனால் அவள் கையிலேயே தங்கும்.

இதையெல்லாம் சித்தியிடம் சொல்லி, தீபாவளிவரை ரயிலில் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். சித்தி போனை மகளிடம் கொடுத்தார். அவள் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, எந்தப் பக்கம் உக்காந்தா வெயில் அடிக்காது?"

ஜூலையில் காலையில் போகும்போது வெயில் இடது பக்கம் விழும், மகளிர் பெட்டியில் ஏறி வலது ஜன்னலைப் பிடி என்றேன். மார்கழியில் அது பக்கம் மாறும். அதற்குள் அவள் விடுதிக்கே போயிருந்தாலும் போயிருப்பாள்.