தொலைந்த ஒரு வருடமும் காரைக்குடி மனுக்கடையும்

காரைக்குடியில் கந்தரப்பம் எங்கே நன்றாக இருக்கும், ஆத்தங்குடிக் கல் எங்கே ஏமாறாமல் வாங்கலாம் என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்கு மனு எழுதித் தரும் கடையைப் பற்றி மட்டும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைந்த ஒன்றுக்கான காரணமும் வரும்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. செக்காலைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் முகப்பை ஒட்டிய சின்ன அறை. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், சுவரோரம் இரும்புப் பெட்டி, கால் ஆடும் நாற்காலி இரண்டு. நடத்துபவர் கிளார்க் பிரிவில் சுபேதாராக ஓய்வுபெற்றவர். பழைய பழக்கம் விடாமல் நான் அவரை 'சாப்' என்கிறேன், அவர் என்னை 'டாக்டர் சார்' என்கிறார். விசிறிக்கு ரெகுலேட்டர் இல்லை, ஒன்று முழு வேகம், இல்லையென்றால் நின்றுவிடும். அதனால் அந்த அறையில் எல்லாத் தாளின் மேலும் ஒரு கல் இருக்கும்.

நான் மயக்க மருந்து டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்து, மயக்கவியலில் டிப்ளமோவும் வாங்கிக்கொண்டு, 1998 இல் ராணுவ மருத்துவப் படையில் குறுகிய காலப் பணியில் கேப்டனாகச் சேர்ந்தேன். சேரும்போதே மேற்படிப்பு கையில் இருந்தால் அதற்காகச் சீனியாரிட்டியை, அதாவது பணி மூப்பை, முன்தேதியிட்டுத் தருவார்கள். படையில் இதற்கு 'ஆன்ட்டி டேட்' என்றுதான் பேச்சு. எனக்கு ஒரு வருடம் கிடைத்தது. அதாவது ஆள் சேர்ந்தது 1998, கணக்குக்கு 1997.

அப்புறம் நிரந்தரப் பணி கிடைத்தது. 'எம்.எஸ்.' என்று தொடங்கிய என் எண் போய் 'எம்.ஆர்.' எண் வந்தது. எண் மாறியதால் புதுக் கோப்பு. அந்தக் கோப்பின் முதல் தாளில், சீனியாரிட்டி தேதி என்ற கட்டத்தில், நான் வேலையில் சேர்ந்த தேதியையே யாரோ எழுதிவிட்டார்கள். எந்த அலுவலகம், எந்த மேசை என்பது இங்கே வேண்டாம். எழுதியவருக்கு அது ஒரு கட்டம், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின் வந்த எல்லாத் தாளும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது.

இதில் வெட்கப்பட வேண்டியவன் நானும்தான். மேசையில் படுத்திருப்பவரின் ரத்த அழுத்தத்தையும் நாடியையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைப்பது என் தொழில். என் சொந்தத் தாளை நான் இருபது வருடம் படிக்கவில்லை.

2019 இல் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு தேவகோட்டைக்கு வந்துவிட்டேன். அதிகாரிகளுக்கு 20 வருடம் முடிந்தால் ஓய்வூதியம் உண்டு, எனக்கு முடிந்திருந்தது. இரண்டு வருடம் கழித்து, என்னோடு சேர்ந்த நண்பன் ஒருவன் தொலைபேசியில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவன், 'உனக்கு ஏன்டா ஓய்வூதியத்துல ஒரு படி குறையுது?' என்றான். நானும் அவனும் ஒரே வருடம் சேர்ந்து, ஒரே பதவியில், ஒரே வருடம் வெளியே வந்தவர்கள். அன்று ராத்திரிதான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

ஒரு வருடம் தள்ளிப்போனால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு: ஆறாவது சம்பளக் கமிஷன் கணக்கில் மேஜருக்குச் சம்பளப் பட்டை 15,600–39,100, அதன்மேல் பதவிக்கான கிரேடு பே 6,600. லெப்டினன்ட் கர்னலுக்கு 37,400–67,000, கிரேடு பே 8,000. மேஜராக இருபத்தேழாயிரத்துச் சொச்சத்தில் நிற்பவன் பதவி உயர்ந்த அன்றைக்கு 37,400 இல் போய் நிற்பான். நான் அங்கே போக வேண்டியது 2009 இல். போனது 2010 இல். ஒரு வருடம் முந்திப் போனவனுக்கு அடுத்த ஜூலையில் 3 சதவீத உயர்வு, எனக்கு அதற்கும் அடுத்த ஜூலையில். அன்றைக்கு விட்ட அந்த ஒரு படியை ஓய்வுபெறும் நாள்வரை நான் பிடிக்கவே இல்லை. ஏழாவது கமிஷன் வந்து எல்லாவற்றையும் 2.57 ஆல் பெருக்கியபோது என் குறையையும் சேர்த்தே பெருக்கினார்கள். ஓய்வூதியம், கிராஜுவிட்டி, ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன், விடுப்புப் பணம், எல்லாம் கடைசிச் சம்பளத்திலிருந்துதானே பிறக்கிறது!

சுபேதார் சாப்பிடம் போவதற்கு முன்னால் வேறொரு ஊரில் ஓர் 'ஓய்வூதிய ஆலோசகரிடம்' பேசினேன். ஐந்து நிமிடத்தில், 'கர்னல் பதவியே வாங்கிடலாம் சார், வர்ற நிலுவையில 20 பர்சென்ட் நமக்கு' என்றார். உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தை எனக்கு இனித்தது. அந்த ஒரு வருடம் ஒழுங்காக இருந்திருந்தால் கர்னலுக்கான தேர்வு வாரியத்தின் முன் என் பெயர் முந்தியே போயிருக்கும் என்ற எண்ணம் எனக்குள் புழுங்கிக்கொண்டே இருந்தது. நான் முன்கூட்டியே கிளம்பியதில் பாதிக் காரணமும் அந்தப் புழுக்கம்தான்.

சாப் முதல் நாள் வாக்குறுதி எதுவும் தரவில்லை. நான் கொண்டுபோன தாள்களை வாங்கி முக்கால் மணி நேரம் பேசாமல் புரட்டினார். பிறகு மேசைமேல் இரண்டு கட்டாகப் பிரித்து, இரண்டின் மேலும் கல் வைத்தார்.

'டாக்டர் சார், இது பணம். இது பதவி. பணம் கேட்கலாம். பதவி கேட்டா, உங்களுக்கு முன்னாடி நிக்கிற வரிசையையே கலைக்கணும். பத்து வருஷம் கழிச்சு அவங்களை யாரும் ஒரு படி இறக்க மாட்டாங்க.'

அவர் சும்மா சொல்லவில்லை. 2008 இல் உச்ச நீதிமன்றம் தர்செம் சிங் வழக்கில் இதைத்தான் பிரித்து வைத்திருக்கிறது. சம்பளம், ஓய்வூதியம் தப்பாகக் கணக்கிடப்பட்டால் மாதாமாதம் தொடரும் தவறு, தாமதமாக வந்தாலும் கேட்கலாம், ஆனால் நிலுவை பொதுவாக மூன்று வருடத்துக்கு மட்டும். சீனியாரிட்டி, பதவி உயர்வு என்று வந்து மற்றவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றால், தாமதமாக வந்தவருக்குக் கதவு சாத்தித்தான். சாப் அந்தத் தீர்ப்பின் நகலை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து, பென்சிலால் கோடு போட்ட இடத்தை எனக்குப் படித்துக் காட்டினார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். பத்து நாள் போகவில்லை. இந்தக் கடைக்கு நான் நான்கு நட்சத்திரம் கொடுப்பதற்கு அந்தப் பத்து நாள்தான் காரணம். இனிப்பாகப் பேசி என் காசை வாங்கிக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை.

திரும்பிப் போனபோது வேலை வேகமாக ஆரம்பித்தது. என் கையில் இருந்தது ஆன்ட்டி டேட் ஆணையின் மங்கிய நகல், கையெழுத்தே தெரியாது. 'மூலம் அவங்க கோப்புலயே இருக்கும், அவங்ககிட்டயே வாங்குவோம்' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட வைத்தார். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், சட்டப்படி 30 நாள். அந்தக் கெடு தாண்டித்தான் பதில் வந்தது, ஆனால் வந்தது. 1998 ஆம் வருடத்து ஆணை, பளிச்சென்ற கையெழுத்தோடு. சாப் அதைக் கண்ணாடி கழற்றிவிட்டு மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். 'இது போதும்.'

அவருடைய மனு ஒரு பக்கம்தான். அதற்கு மேல் எழுத மாட்டார். என் மனுவில் வருத்தம், நியாயம், நீண்ட சேவை, சியாச்சின் எதுவும் இல்லை. இந்தத் தேதியில் இந்த ஆணை, இந்தத் தேதியில் எண் மாறியது, மாறிய தாளில் இந்தக் கட்டம் இப்படி இருக்கிறது, இப்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'கொடி' என்கிற ஓர் அடையாளக் குறி, கொடிக்கு ஒரு தாள், எல்லாவற்றையும் பச்சை டேக் கோத்துக் கட்டியிருந்தார். 'தேதியை மாத்திக் குடுங்கன்னு கேட்டா பாவம்னு பார்ப்பாங்க சார். எங்க தப்புன்னு காட்டிட்டா, அப்புறம் அதை வச்சுக்கிட்டு அவங்களாலயே உக்கார முடியாது.'

அதிகாரிகளின் சம்பளக் கணக்கைப் புனேயில் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு நடப்புப் பேரேடு அதில் உண்டு. பேரேடு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போய், காலணாவுக்கும் பற்றுவரவு எழுதிவைத்த ஊர் இது. அந்த ஊரில் இருந்துகொண்டு என் பேரேட்டை நான் திறந்து பார்க்கவில்லை.

மனு போகும் பாதையையும் ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். முப்படை மருத்துவ அதிகாரிகளுக்கும் தலைமை டெல்லியில் இருக்கும் தலைமை இயக்குநரகம். அங்கே தேதி திருந்த வேண்டும். திருந்திய ஆணை புனேக்குப் போய்ச் சம்பளம் மறுபடி நிர்ணயமாக வேண்டும். அது முடிந்து பிரயாக்ராஜில் திருத்திய ஓய்வூதிய ஆணை. மூன்றில் ஒன்று தூங்கினாலும் மற்ற இரண்டும் காத்துக்கொண்டிருக்கும். அதனால் மாதம் ஒரு நினைவூட்டல், இரண்டே வரி. ஸ்பீட் போஸ்ட் ரசீதுகளை ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஒட்டிவைக்கிறார்.

பதினான்கு மாதம் ஆனது. தேதி திருந்தியது. ஓய்வூதியம் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் கூடியது, அதன்மேல் அகவிலைப்படி தனி. சம்பள நிலுவை முழுவதும் வரவில்லை. மீதிக்கு ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம், இறுதி ஆணையிலிருந்து ஆறு மாதக் கெடு என்று சாப் சொன்னார். கெடு தெரிந்தே விட்டுவிட்டேன். அது என் முடிவு, கடையின் குறை இல்லை.

கடையின் குறைகளுக்கு வருகிறேன். தேதி திருத்த வந்தவனின் இணைப்புப் பட்டியலிலேயே தேதியைத் தப்பாக அடித்துவிட்டார். 2001 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2010. நான் பார்த்துச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு முழுக் கட்டையும் காசு வாங்காமல் மறுபடி அச்செடுத்தார். ஆனாலும் நான் பார்க்காமல் இருந்திருந்தால்? அவர் அடித்த எந்தத் தாளையும் நீங்கள் ஒருமுறை விரல் வைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குறைந்த ஒரு நட்சத்திரம் இதற்குத்தான்.

மற்றபடி சில்லறைக் குறைகள். போனை எடுக்க மாட்டார். அவருடைய ஆங்கிலம் வெள்ளைக்காரன் விட்டுப்போன நாளில் நிற்கிறது, 'பெருமையுடன் சமர்ப்பிக்கிறேன்' என்பதை நீக்கச் சொல்லி நான் மன்றாட வேண்டியிருந்தது. படையினரின் ஓய்வூதியத்துக்கான ஸ்பார்ஷ் இணையதளம் அவருக்கு ஒத்துவரவில்லை. கடவுச்சொல் பூட்டிக்கொண்டால் பக்கத்து இ-சேவைப் பையனைத்தான் கூப்பிடுவார். வேலைக்கு நடுவே லடாக் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு டீ செலவு உங்களுக்கு.

கூலி: தகவல் உரிமை விண்ணப்பம், மனு, பதினான்கு மாத நினைவூட்டல் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய், தபால் செலவு தனி. நிலுவை வந்த அன்று மேலே கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. தேவகோட்டையிலிருந்து கொண்டுபோன வெள்ளைப் பணியாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். விதவை ஓய்வூதியம் போன்ற எளிய விஷயங்களுக்கு வரும் அம்மாக்களுக்கு அவர் மனுவே எழுதுவதில்லை. 'இதுக்கு எனக்கு எதுக்கு ஆத்தா காசு, சிவகங்கையில முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல இலவசமாவே செய்வாங்க' என்று வழி சொல்லி அனுப்புவதை என் கண்ணால் பார்த்தேன்.

இன்னும் பணியில் இருக்கும் டாக்டர்கள் இதைப் படித்தால், ஓய்வுபெறும்வரை காத்திருக்க வேண்டாம். ராணுவச் சட்டம் 27 ஆம் பிரிவில் அதிகாரிகள் முறையிட வழி இருக்கிறது, அப்போதே கேட்டால் சாப் பிரித்துவைத்த இரண்டாவது கட்டையும் கேட்கலாம். என் மனைவியின் தங்கை மகள் இப்போது கேப்டன். போன பொங்கலுக்கு வந்தவளிடம் முதலில் கேட்டது அவளுடைய சீனியாரிட்டி தேதியைத்தான். 'பெரியப்பா, சாப்பிட விடுங்க' என்றாள். ஊருக்குத் திரும்பிப்போய் இரண்டு வாரத்தில் படம் எடுத்து அனுப்பினாள். சரியாக இருந்தது.

போகிறவர்களுக்கு: முதல் நியமன ஆணை, எண் மாறிய ஆணை, பதவி உயர்வு ஒவ்வொன்றின் ஆணை, ஓய்வூதிய ஆணை, எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். மூலத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்காதீர்கள், அவரும் கேட்க மாட்டார். மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை கதவு சாத்தியிருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் திறப்பார், பதினோரு மணிக்கு முன்னால் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.