மாட்டுக் காதுல போடுற மஞ்சக் காதுவில்லை: மூணு வருஷமா பாத்ததைச் சொல்றேன்

எங்க வீட்ல மூணு கறவை, ரெண்டு கன்னு. எல்லாத்து காதுலயும் அரசாங்கம் இலவசமா போட்ட 12 இலக்க காதுவில்லை இருக்கு. போடலாமா வேணாமான்னு கேக்குறவங்களுக்கு, கண்டிப்பா போடுங்க.

ரெண்டு துண்டு பிளாஸ்டிக் தான், இடுக்கி மாதிரி ஒண்ணுல வச்சு அமுக்குனா ஒரு நொடியில வேலை முடிஞ்சுடும், ஆனா நரம்பை விட்டு காதோட நடுவுல விழணும். எங்க செவலைக்கு நுனியில தள்ளிப் போட்டுட்டாங்க, வேலி முள்ளுல மாட்டி காது கிழிஞ்சு, அது மழைக்காலம் வேற, ஈ மொய்ச்சு புழு வச்சு, பாவம் தலைய ஆட்டி ஆட்டி தீவனமே எடுக்கல. அதனால போடுறப்ப பக்கத்துலயே நில்லுங்க, புண் ஆறுற வரைக்கும் தினமும் வேப்பெண்ணெய் தடவுங்க.

இந்த நம்பர் முக்கியமா எதுக்குன்னா கோமாரிக்கு, அதான் வாய்லயும் குளம்புலயும் புண்ணு வர்ற தொத்து நோய். 2019ல ஆரம்பிச்ச தேசிய திட்டத்துல ஆறு மாசத்துக்கு ஒருக்கா கோமாரி ஊசி போடுறாங்க, போட்டதும் காதுவில்லை பார்கோடை போன்ல ஸ்கேன் பண்ணி அரசாங்கப் பதிவுல ஏத்திடுறாங்க. நாளைக்கு ஒரு மாடு வாய்ல நுரை தள்ளி குளம்புல புண்ணோட நின்னா, கடைசி ஊசி எப்போ, எந்த ஊரு மாடுன்னு நம்பரை வச்சே பாத்துடலாம். சில ஊர்கள்ல ஊசிக்கு முன்னாடியும் 28 நாள் கழிச்சும் ரத்தம் எடுப்பாங்க, ஊசி எதிர்ப்பு சக்தி குடுத்துச்சான்னு பாக்கத்தான். ஊசியால வந்த சக்தியா, நிஜமாவே நோய் வந்து போனதான்னு பிரிச்சு சொல்ற டெஸ்டும் இருக்கு. ரத்தம் எடுத்தா பால் குறையும்னு யாரும் மறிக்காதீங்க, எங்க மாட்டுக்கு எடுத்தாங்க, அன்னிக்கு சாயங்காலமும் எப்பவும் கறக்குற அளவுதான் கறந்துச்சு.

எனக்கு இருக்குற ஒரே வருத்தம் பேர் மாத்துறது. சந்தையில ஒரு சினை மாடு வாங்குனேன், காதுவில்லை இருந்துச்சு, சந்தோஷமா ஓட்டிட்டு வந்தேன். சாணி அப்பியிருந்ததை தொடச்சு நம்பரைக் குடுத்துப் பாத்தா இன்னும் பழைய ஆளு பேர்லயே, வேற ஊர்லயே இருக்கு. நோய் வந்தா அதிகாரிங்க அந்த ஊருக்குப் போய்த் தேடுவாங்க, மாடு இங்க என் கொட்டாயில மத்த மாடுங்க கூட தண்ணி குடிச்சிட்டு நிக்கும்! சந்தை வழியா நோய் நிறையவே பரவுது, அப்ப மாடு கை மாறுற அன்னிக்கே பேரும் மாறலைன்னா என்ன பிரயோசனம்? வாங்குறவங்க அந்த வாரமே கால்நடை மருந்தகத்துல சொல்லி மாத்திடுங்க, வில்லை விழுந்துட்டாலும் உடனே சொல்லுங்க.

மொத்தத்துல இந்தக் காதுவில்லைக்கு அஞ்சுக்கு நாலு மார்க் குடுக்குறேன்.

கிடேரிக் கன்னு வச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு. நாலுல இருந்து எட்டு மாசத்துக்குள்ள கருச்சிதைவு நோய்க்கு (புருசெல்லோசிஸ்) ஒரே ஒரு ஊசி, ஆயுசுக்கும் அவ்வளவுதான். அது உயிருள்ள கிருமி மருந்து, மனுஷனுக்கும் ஒட்டும், போடுறவங்க கையுறை போட்டிருக்காங்களான்னு பாருங்க. எங்க சின்னதுக்கு ஏழாவது மாசம் நடக்குது, திங்கக்கிழமை ஓட்டிட்டுப் போறேன்.