பிரதேச செயலகத்தில் தொழிற்பயிற்சி, வேலைவாய்ப்பு நடமாடும் சேவை

யாழ்ப்பாண மாவட்டத்தின் பிரதேச செயலகம் ஒன்றில் அண்மையில் நடைபெற்ற தொழிற்பயிற்சி, வேலைவாய்ப்பு நடமாடும் சேவைக்கு, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் அக்காவின் மகனை அழைத்துச் சென்றேன். அரச பயிற்சி நிலையங்கள், தொண்டு நிறுவனங்கள், வேலைக்கு ஆள் தேடும் தனியார் நிறுவனங்கள் யாவும் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருந்தன. தீவகத்திலிருந்தோ வடமராட்சியிலிருந்தோ பஸ் ஏறி, ஒவ்வோர் அலுவலகமாக அலைய வேண்டிய பிள்ளைகளுக்கு இது பேருதவி.

மிகச் சிறப்பாக இயங்கியது முன்அனுபவத்தை அங்கீகரிக்கும் பிரிவு. எங்களுக்கு முன்னால் ஒரு மேசன் அமர்ந்திருந்தார். மதிப்பீட்டாளர் அவருடைய கைத்தொலைபேசியிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, சுவரின் மூலையை எப்படித் தூக்குக்குண்டு பிடித்து நேராக்கினார், பூச்சுக்கு மணலை எப்படி அரித்தார் என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வகுப்பில் ஒருநாளும் அமராதவரும் செய்முறை மதிப்பீட்டில் தேறினால் என்விகியூ எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழைப் பெறலாம் என்பதை, பல ஆண்டுகளாகத் தொழில் செய்யும் எங்களூர்க் கைவினைஞர் பலர் இன்னும் அறியாதிருப்பது வருத்தமளிக்கிறது.

மருமகனுக்குக் கிடைத்த வழிகாட்டலும் தெளிவானது. இத்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது, ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டத்துக்குரியது என்று அலுவலர் தாளில் வரைந்தே காட்டினார். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தைப் பற்றியும் சொன்னார். பல்கலைக்கழக அனுமதி கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணும் பெற்றோர் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஆனால் மண்டபம் ஒன்றானதே தவிர, வேலை ஒன்றாகவில்லை. ஒவ்வொரு மேசையிலும் அதே பெயர், அதே முகவரி, அதே பெறுபேறுகளை வெவ்வேறு படிவங்களில் எழுத வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய குறை, பயிற்சி நிலையங்களும் தொழில்தருநர்களும் தமக்குள் பேசிக்கொள்ளாமையே. ஒரு நிறுவனம் குளிரூட்டிப் பழுதுபார்ப்பவர்களைக் கேட்டது. பக்கத்து மேசையிலோ அந்தப் பயிற்சியே இல்லை. எத்தனை பேர், எந்தத் தகைமையோடு, எப்போது தேவை என்பதைத் தொழில்தருநர் முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ப வகுப்புகள் ஆரம்பிக்கப்பட வேண்டும். பதிந்தவர்களை யார் பின்தொடர்வார் என்று கேட்டதற்கும் தெளிவான விடை கிடைக்கவில்லை. அந்தப் பொறுப்பை ஒரே அலுவலரிடம், ஒரே பதிவேட்டுடன் ஒப்படைத்தால் இச்சேவையின் பயன் பன்மடங்காகும். பிள்ளைகளோடு வந்த பெண்கள் அமர இடமின்றி நெடுநேரம் நின்றதையும் ஏற்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டும்.

இக்குறைகள் இருந்தும் தயங்காமல் செல்லுமாறே சொல்வேன். தேசிய அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறுகள், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைப் போதியளவு எடுத்துச் செல்லுங்கள். தொழில் அனுபவம் உள்ளவர்கள் தாம் செய்த வேலைகளின் படங்களையும், வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.